அம்மா சைக்கிள் பழகிய ஆடி

நம் வகுப்புத் தோழிகளில் ஒருத்தி போன வாரம் கியர் வைத்த சைக்கிள் வாங்கிவிட்டாள். சர்க்கரை கூடிவிட்டது, தினமும் பத்து கிலோமீட்டர் மிதியுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். "ரோட்டுல ஓட்டுறதுக்கு நாலு யோசனை சொல்லு, ஒனக்குத்தான் அனுபவம் ஜாஸ்தி" என்று நம் குழுவில் எழுதியிருந்தாள். நானும் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். காற்றைப் பார், பிரேக்கைப் பார் என்று இரண்டு வரி எழுதியதும் மனசு வேறு பக்கம் போய்விட்டது. ஆகவே, ஐம்பதைத் தாண்டி முழங்காலைத் தடவிக்கொண்டிருக்கும் தோழிகளே, இது உங்கள் எல்லோருக்கும். யோசனைகள் நடுநடுவே வரும். பொறுக்கி எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் பின்பாதி. எனக்குப் பதின்மூன்று வயது. ராஜபாளையத்தில் மில்லுக்குப் பின்னால் இருந்த தெருவில் எங்கள் வீடு. அப்பாவுக்கு அந்த மில்லில் ஷிப்ட் வேலை. அந்த வருஷம் ஆனி பிறந்தபோது அம்மாவுக்கு பால்வாடி டீச்சர் வேலை கிடைத்தது. ஊர்தான் தூரம். ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற ரோட்டில் வன்னியம்பட்டி விலக்கு வரை போய், அங்கிருந்து மண்பாதையில் உள்ளே போக வேண்டும். எல்லாம் சேர்த்து எட்டொன்பது கிலோமீட்டர் இருக்கும்.

பிள்ளைகளின் அம்மாமார் களையெடுப்பு, அறுப்பு என்று காட்டு வேலைக்குப் போகிறவர்கள். எட்டரைக்குள் பால்வாடி திறந்தால்தான் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவார்கள். வெளியூர் பஸ் விலக்கில் நிற்காது. டவுன் பஸ் நிற்கும், ஆனால் அது தன் இஷ்டத்துக்குத்தான் வரும். முதல் மாதத்திலேயே இரண்டு தடவை அம்மா போய்ச் சேரும்போது அதிகாரியம்மாவின் ஜீப் வாசலில் நின்றிருந்தது. பால்வாடிகளைச் சோதிக்கிற அதிகாரி அவர். கஞ்சி போட்ட சேலை, சிரிக்காத முகம். "இன்னொரு தடவை லேட்டானா நான் எழுதிருவேன். இந்த வேலைக்கு ஆளா இல்லை?" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

அன்றைக்கு ராத்திரிச் சோறு போடும்போது அம்மா, "நான் சைக்கிள் பழகிக்கிடட்டுமா?" என்று அப்பாவிடம் கேட்டாள்.

அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ரோட்டுல பொம்பள சைக்கிள் ஓட்டிட்டுப் போனா மில்லுல என்னையத்தான் கேப்பானுக. பஸ்ஸுக்குச் சீக்கிரமாக் கெளம்பு, போதும்."

அப்பா எங்கேயும் நடந்தே போவார். மில்லுக்கு நடை, சந்தைக்கு நடை. நடந்தால்தான் உடம்புக்கு நல்லது என்பார். சைக்கிள் என்றால் அவருக்கு இளக்காரம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசுகிற அத்தை ஒருவர் இருந்தார். கட்டிக்கொடுத்துப் போன அவர் மகளின் சிவப்பு லேடீஸ் சைக்கிள், மாட்டுக் கொட்டிலில் வைக்கோலுக்குள் கிடந்தது. அம்மா விஷயத்தைச் சொன்னதும் அத்தை கொட்டில் கதவைத் திறந்து, "தீஸ்கோ அம்மாயி, எடுத்துக்கோ. என் மாட்டுக்கு அது எதுக்கு?" என்றார்.

வைக்கோலும் சாணி வாசமுமாக அந்த சைக்கிள் வெளியே வந்ததை இப்போதும் பார்க்கிறேன். ஹேண்டில்பாரின் வலது பிடியில் ரப்பர் இல்லை. மணி மட்டும் கோயில் மணி மாதிரி கணீரென்றது. நானும் அம்மாவும் அதைத் தள்ளிக்கொண்டு சைக்கிள் கடை பாயிடம் போனோம். அவர் இரண்டு டயரையும் மாற்றி, பின் சக்கரத்துக்குச் சேலை மாட்டாமல் இருக்க வலை கட்டினார். அம்மாவை ஏறச் சொல்லிப் பார்த்து, இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் படும்படி சீட்டை இறக்கினார். "பொம்பளையாளுக, பயப்படக் கூடாதுல்ல" என்றார். இந்த சீட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அப்பாவுக்கு அந்த வாரம் மத்தியான ஷிப்ட். பள்ளிக்கூடம் விட்டு நானும் வேலை முடிந்து அம்மாவும் வந்ததும், அவர் மில்லில் இருக்கிற தைரியத்தில் கண்மாய்க்குக் கிளம்புவோம். ஆடியில் கண்மாய் காய்ந்து மைதானம் மாதிரி கிடக்கும், ஓரமெல்லாம் சீமைக் கருவேல மரம். எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது. அதனால் அந்தக் கண்மாய்க்குள் நான்தான் பெரிய ஆள். எம்புட்டு அதிகாரம் பண்ணியிருக்கிறேன்!

"குனிஞ்சு பெடலப் பாக்காதம்மா, தூரத்துல பாரு!"

"தூரத்துல பாத்தா கீழ இருக்க கல்லுல ஏறிருவேன்ட்டி!"

"கல்லையே பாத்துக்கிட்டு இருந்தாத்தான் ஏறுவ!"

இது அன்றைக்கு நான் வாய்க்கு வந்தபடி சொன்னது. ஆனால் சத்தியமான வார்த்தை. கண் எங்கே போகிறதோ அங்கேதான் ஹேண்டில்பார் போகும். பள்ளத்தையே பார்த்துக்கொண்டு போனால் பள்ளத்துக்குள்தான் போவோம். போக வேண்டிய இடத்தைப் பாருங்கள், பள்ளம் தானாக விலகிக்கொள்ளும். மூன்றாம் நாள் அம்மா ஒரு கருவேல மரத்தையே பயந்து பயந்து பார்த்தாள். நேராக அதற்குள் போய் விழுந்தாள்.

நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது முள்ளுக்குள் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அம்மா புன்னகை செய்து பார்த்திருக்கிறேன். இப்படி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வளையல் உடைந்த கையைத் தூக்கிக் காட்டிச் சிரித்து அதற்குமுன் பார்த்ததே இல்லை. முப்பத்து மூன்று வயது அவளுக்கு. இன்றைக்கு என் மகளுக்கு ஆகிற வயதைவிடக் கொஞ்சம்தான் கூட. அன்றைக்கு எனக்கு அவள் ஏதோ காலங்காலமாக அம்மாவாகவே இருந்தவள் மாதிரி தெரிந்தாள்.

எட்டாம் நாள் ஓட்டிவிட்டாள். ஒரு வாரம் கழித்து வந்த சனிக்கிழமை பள்ளி லீவு, பால்வாடிக்கும் என்னவோ விடுமுறை. அப்பா ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்தார். விலக்கு வரைக்கும் ஒரு தடவை போய்ப் பார்த்துவிடலாம் என்று இரண்டு பேரும் கிளம்பினோம். எனக்கு பாய் கடையிலிருந்து வாடகைக்கு, சின்னப் பிள்ளைகள் ஓட்டுகிற அரை சைக்கிள். தோளில் என் பள்ளிக்கூடத் தண்ணீர்ப் புட்டி. பச்சை நிறம், மூடியிலேயே குடிக்கலாம்.

ரோட்டுக்கு வந்ததும் நடந்ததை எப்படிச் சொல்ல! இடது பக்கம் மலை. மலைக்கு அந்தப் பக்கம் மழை பெய்துகொண்டிருக்கும், இந்தப் பக்கம் நமக்குக் காற்று மட்டும்தான் வரும். அந்த ஆடிக்காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியது. மிதிக்கவே வேண்டாம். புளியமரங்கள் விர்விர்ரென்று பின்னால் போயின. அம்மாவின் முந்தானை இடுப்பில் இறுகச் செருகியிருந்தது, ஊக்கும் குத்தியிருந்தாள். இல்லாவிட்டால் அது அவளுக்கு முன்னால் பறந்திருக்கும்.

"ஏட்டி, நான் நல்லா ஓட்டுதேன்ல?"

"சூப்பரா ஓட்டுற!"

விலக்கு வந்தது. அம்மா நிற்கவில்லை. "வில்லிபுத்தூர் வரைக்கும் போயிருவமா?" என்று திரும்பாமலே கேட்டாள். நான் வேண்டாம் என்பேனா? கோயில் கோபுரம் தெரிகிற இடம் வரை போனோம். தேர் தகரக் கூண்டுக்குள் நின்றது. திருவிழாவுக்காகக் கூண்டைப் பிரிக்க ஆள்கள் வந்திருந்தார்கள். ஒரு கடையில் சுடச்சுடப் பால்கோவா வாங்கி, இலையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு தின்றோம். விரலைக்கூட விடாமல் நக்கினோம். அம்மா, "பஸ்ஸுல வந்து தின்னப்போ இம்புட்டு ருசி இல்ல" என்றாள்.

தோழிகளே, இங்கேதான் கவனிக்க வேண்டும். போகும்போது கால் லேசாக இருக்கிறதென்றால் அது நம் சாமர்த்தியமாக இருக்காது, காற்றாக இருக்கும். திரும்பி வரும்போது அதே காற்று மூஞ்சியில் அடிக்கும். கிளம்பும்போதே எந்தப் பக்கம் காற்று என்று பார்த்துவிட்டு, பாதித் தெம்பைத் திரும்பி வருவதற்கு மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு யார் சொன்னார்கள்?

ஊர் எல்லை தாண்டியதுமே சைக்கிள் நின்றுவிட்டது மாதிரி இருந்தது. எழுந்து நின்று மிதித்தாலும் நகரவில்லை. வாயெல்லாம் மண். தண்ணீரை வில்லிபுத்தூரிலேயே குடித்துத் தீர்த்திருந்தோம். எதிரே லாரி வந்தால் அதன் காற்று ஒரு அறை அறைந்துவிட்டுப் போகும். முதல் லாரிக்கு அம்மா ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தாள், சைக்கிள் உதறியது. "லேசாப் பிடிம்மா" என்று கத்தினேன். லேசாகப் பிடித்ததும் சைக்கிள் தானாக நேரானது. தார் ஓரத்தை ஒட்டியே போகாமல் ஒரு முழம் உள்ளே தள்ளிப் போனால், லாரி வந்தால் ஒதுங்க நமக்கும் இடம் இருக்கும் என்பதை அம்மா தானாகவே கண்டுபிடித்தாள்.

முழங்கால் வலிக்கிறது என்று ஒரு இடத்தில் இறங்கிவிட்டாள். காரணம் பாய் இறக்கிவைத்த சீட்டு. சீட்டு தாழ்ந்திருந்தால் மிதிக்கும்போது கால் நீளாது, பாரமெல்லாம் முட்டியில் இறங்கும். கண்மாயில் பழக அது சரி, ரோட்டுக்கு ஆகாது. பெடல் அடியில் போகும்போது கால் கிட்டத்தட்ட நீள வேண்டும். பெண்பிள்ளைக்கு பயம் இருக்கும் என்று நினைத்தாரே தவிர, அவள் தூரம் போவாள் என்று பாவம் அவர் நினைக்கவில்லை.

நான் முன்னால் போனேன். அம்மா என் பின் சக்கரத்துக்கு ஒட்டினாற்போல் வந்தாள். "ஏட்டி, ஒன் பின்னால வந்தா காத்தே இல்ல!" என்று கூவினாள். அப்படியே மாற்றி மாற்றி, ஒருத்திக்கு ஒருத்தி மறைப்பாக மிதித்து வந்தோம். நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தோம், அம்மாவின் முன் சக்கரம் தரையோடு உட்காரும்வரை. டயரில் கருவேல முள். நான் ஆர்வமாக அதைப் பிடுங்கினேன். இருந்த கொஞ்சக் காற்றும் புஸ்ஸென்று போய்விட்டது. முள்ளை அப்படியே விட்டிருந்தால் ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும், டயர் நசுங்காமல் கடை வரை தள்ளிக்கொண்டாவது போயிருக்கலாம்.

புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். அப்போது ராஜபாளையம் பக்கமிருந்து ஒரு ஆள் பெரிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, ஓட்டமும் நடையுமாக வருவது தெரிந்தது. சட்டை முழுக்க வேர்வை. ஹேண்டில்பாரில் காற்றடிக்கிற பம்பு கட்டியிருந்தது.

அப்பா.

அம்மா எழுந்து நின்றாள். அப்பா கிட்டே வந்து அம்மாவை மேலும் கீழும் பார்த்தார். "அடி கிடி பட்டுச்சா?"

"இல்ல."

"எந்திரிச்சுப் பாத்தா ரெண்டு பேரையும் காணோம். அத்தைதான் சொன்னாக, சைக்கிள்ல போயிருக்காகன்னு. ரோட்டுல எங்க விழுந்து கெடக்கியளோன்னு..." மூச்சு வாங்கியது.

நான்தான் கேட்டேன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல். "அப்பா, சைக்கிள ஏன் தள்ளிக்கிட்டு வாரீக? பஞ்சரா?"

குனிந்து அமுக்கிப் பார்த்தேன். டயரில் காற்று கல் மாதிரி இருந்தது. அம்மா சைக்கிளைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

"ஓட்டத் தெரியாதா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"சின்னதுல ஒரு தடவ ஏறுனேன். கெணத்து மேட்டுல உருண்டு உள்ளுக்க விழுந்தேன். பொறவு ஏறல." செருப்பால் மண்ணைக் கிண்டினார். "ஒன்னய ஓட்ட விட்டா, நீ ஏன்யா ஓட்டலன்னு கேப்பானுகல்ல?"

"தெரியாதுன்னா இத எதுக்கு எடுத்துட்டு வந்தீக?"

"பாய்கிட்ட பம்பு கேட்டேன். சைக்கிள்லயே போயிட்டு வாங்க, வெரசாப் போயிரலாம்னு எடுத்துக் குடுத்துட்டாரு. அவர்கிட்ட ஓட்டத் தெரியாதுன்னு எப்படிச் சொல்ல?"

கல்யாணமாகிப் பதினைந்து வருஷம். அம்மா சிரிப்பை அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. அப்பா முதலில் முறைத்தார். பிறகு அவருக்கும் உதடு கோணியது. அந்தப் புளியமரத்தடியில் இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்குத்தான் வெட்கமாகப் போய் லாரிகளை எண்ணிக்கொண்டு நின்றேன். ஒரு மனிதர் இத்தனை வருஷம் வெட்கத்தை வீறாப்பு மாதிரி உடுத்திக்கொண்டு நடந்திருக்கிறார். அது இப்போதுதான் எனக்கு விளங்குகிறது.

மூன்று சைக்கிளையும் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தோம். அப்பா கடைசிவரை சைக்கிள் பழகவில்லை. ஆனால் மறுநாளே பாயிடம் சொல்லி பஞ்சர் ஒட்டி, சீட்டை உயர்த்தி வாங்கி வந்தார். அன்றிலிருந்து தினமும் காலையில் இரண்டு டயரையும் கட்டை விரலால் அமுக்கிப் பார்ப்பார். பிரேக்கைப் பிடித்துத் தள்ளிப் பார்ப்பார். சங்கிலிக்குத் தேங்காய் எண்ணெய் விட்டு, அதில் புழுதி அப்பி, பாயிடம் திட்டு வாங்கினார். சங்கிலிக்கு என்றே விற்கிற மெஷின் எண்ணெயைக் கொஞ்சமாக விட்டு, மிச்சத்தைத் துணியால் துடைத்துவிட வேண்டும். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை அம்மா முதல் தடவையாக சைக்கிளில் வேலைக்குக் கிளம்பினாள். "இன்னைக்கி ஒரு நாள் நீயும் கூடப் போய்ட்டு வா, பள்ளிக்கூடத்துக்கு நான் சொல்லிக்கிடுதேன்" என்று அப்பா என்னையும் அனுப்பினார். ஏழு மணிக்கே கிளம்பிவிட்டோம்.

விலக்குக்குக் கொஞ்சம் முன்னால், ரோடு அடைத்துக் கிடந்தது. பஞ்சுப் பொதி ஏற்றிய லாரி ஒன்று வளைவில் சரிந்து படுத்திருந்தது. டிரைவருக்கு ஒன்றுமில்லை, வேப்பமரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்தார். பொதிகள் வெடித்து, ஆடிக்காற்றில் ரோடு முழுக்கப் பஞ்சு பறந்தது. பஸ், லாரி, மாட்டுவண்டி எல்லாம் வெள்ளை மீசை வைத்துக்கொண்டு வரிசையாக நின்றன. நாங்கள் இறங்கி, ஓரத்து மண்ணில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனோம். வரிசையின் நடுவில் ஒரு ஜீப்.

"டீச்சர்!"

அதிகாரியம்மா. தலையெல்லாம் பஞ்சு. அம்மா ஒரு கையை சைக்கிளிலிருந்து எடுத்துக் கும்பிடு போட்டாள். "வணக்கம் மேடம். நான் லேட் இல்ல மேடம், இப்பதான் மணி..."

"எனக்குத் தெரியும்." அவர் ஜீப்பிலிருந்து இறங்கிவிட்டார். "இது எடுபட மத்தியானம் ஆகும். எனக்கு மூணு சென்டர் பார்க்கணும், ஒங்களுது முதல்ல." சைக்கிளின் கேரியரைப் பார்த்தார். "என்னைக் கூட்டிட்டுப் போவீங்களா?"

அம்மா என்னைப் பார்த்தாள். அம்மா அதுவரை யாரையும் பின்னால் ஏற்றியதே இல்லை. அதிகாரியம்மாவோ நல்ல ஆகிருதி. கீழே போட்டுவிட்டால் லேட்டானதைவிட மோசம். முடியாது என்று சொல்லவும் முடியாது. அம்மா கேரியரைக் கையால் அமுக்கிப் பார்த்தாள். பிறகு குரல் மாறியது. பால்வாடிப் பிள்ளைகளிடம் பேசுகிற குரல்.

"சேலைய மொத்தமா அள்ளி மடியில வச்சுக்கோங்க மேடம். காலை சக்கரத்துல இருந்து விலக்கி வைங்க. நான் ஓட்ட ஆரம்பிச்சு ரெண்டு மிதி மிதிச்ச பொறவு ஏறுங்க. வளைவுல நான் சாஞ்சா நீங்களும் என்கூடயே சாயணும், எதிர்ப் பக்கம் ஆடக் கூடாது. பள்ளம்னு சத்தம் குடுப்பேன், ஒடனே லேசா எந்திரிச்சுக்கோங்க."

"சரிம்மா" என்றார் அதிகாரியம்மா.

நான் அவருடைய ஃபைல்களை என் வாடகை சைக்கிளின் கேரியரில் பழைய டியூப் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு பின்னால் போனேன். சரிந்த லாரியைத் தாண்டி ஏறியதும் முதல் பத்தடி சைக்கிள் பாம்பு மாதிரி நெளிந்தது. அதிகாரியம்மா அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டார். விலக்கில் கையைக் காட்டி, பின்னால் ஒரு தடவை திரும்பிப் பார்த்து, அம்மா மண்பாதையில் திருப்பினாள்.

"பள்ளம்!"

அதிகாரியம்மா எழுந்தார், உட்கார்ந்தார்.

"பள்ளம்!"

எழுந்தார், உட்கார்ந்தார். நாலாவது பள்ளத்தை அம்மாவுக்கு முன்னாலேயே அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "பள்ளம்!" என்று கத்தினார். கத்திவிட்டு அவரே சிரித்தார். கடலைக்காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து, கையால் வெயிலை மறைத்துக்கொண்டு பார்த்தார்கள். "ஏட்டி, நம்ம பால்வாடி டீச்சர்டீ! பின்னால ஆரு?" என்று ஒருத்தி கத்த, "ஆபீசரம்மாடீ!" என்று இன்னொருத்தி சொல்ல, காடு முழுக்கக் குலவை கிளம்பியது. அதிகாரியம்மா ஒரு கையை விட்டு அவர்களுக்கு ஆட்டினார். "கையப் பிடிங்க மேடம்!" என்று அம்மா அதட்டினாள். உடனே பிடித்துக்கொண்டார்.

பால்வாடி வாசலில் இறங்கியபோது பிள்ளைகள் ஓடி வந்து சைக்கிளைச் சூழ்ந்துகொண்டன. சமையல் பார்க்கிற ஆயா கரண்டியோடு வெளியே வந்து, இரண்டு பேரின் தலையில் இருந்த பஞ்சையும் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். மணி எட்டு இருபது.

அதிகாரியம்மா தலையைத் தட்டி, சேலையை நீவி, முகத்தை மறுபடியும் அதிகாரி முகமாக்கிக்கொண்டார். பிள்ளைகளை எண்ணினார், உளுந்து டப்பாவைத் திறந்து பார்த்தார். பார்வையாளர் நோட்டை வாங்கி என்னவோ எழுதி, கையெழுத்துப் போட்டு, அம்மாவிடம் நீட்டினார். அம்மா மனசுக்குள் படித்தாள். பிறகு எனக்கும் கேட்கிற மாதிரி வாய்விட்டுப் படித்தாள்.

"'நான் மையத்தை வந்தடைந்தபோது, பணியாளர் எனக்கு முன்பாகவே வந்திருந்தார்.'"

அம்மா நிமிர்ந்தாள். பொய்யாக எதையும் வாங்கிக்கொள்ள அவளுக்கு வராது. "மேடம், ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே வந்தோம்?"

"சைக்கிள்ல முன்னால ஒக்காந்திருந்தது யாரு?" என்றார் அதிகாரியம்மா, பேனாவை மூடியபடி.

"நான்தான் மேடம்."

"பின்னால?"

"நீங்க."

"பொறவு என்னம்மா? சரியாத்தான எழுதியிருக்கேன்."